கோழியின் கவட்டை எலும்பும் கல்லமேட்டுப் பல்லும்: பறவைகள் டைனோசர்களிலிருந்து வந்த வரலாறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் சேத்துப்பட்டு, ஆரணி பக்கம் கோழிக்கறிக் கடைகளில் கூட்டம்தான். அப்படி வாங்கி வரும் கோழியில் யாரும் அவ்வளவாகக் கவனிக்காத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று அதன் கால். இறகே இல்லாமல், ஓணான் தோலைப் போல வரிசை வரிசையாகச் செதில்கள். இன்னொன்று, கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் இருக்கும் ஒரு மெல்லிய எலும்பு. உண்டிவில் செய்வதற்குச் சிறுவர்கள் ஒடிக்கும் கவட்டைக் கிளை போலவே இரண்டாகப் பிரிந்திருக்கும். மனிதனுக்குத் தோளின் முன்புறம் இடதும் வலதுமாகத் தனித்தனியே இருக்கும் காறை எலும்புகள்தான் கோழிக்கு நடுவில் ஒன்றாகச் சேர்ந்து இந்தக் கவட்டையாகியிருக்கின்றன.

கோழி, காக்கை, மயில், கொக்கு எல்லாமே டைனோசர் வம்சம் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. டைனோசர்களுக்கு உறவு என்று மட்டும் அல்ல; டைனோசர்களில் அழியாமல் மிஞ்சிய ஒரு கிளையே பறவைகள் என்கிறது. இந்த உண்மை சுமார் 150 வருடங்களுக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மேலே சொன்ன கவட்டை எலும்பைக் காணவில்லை என்ற ஒரே காரணத்தால் அது அரை நூற்றாண்டு காலம் ஓரங்கட்டப்பட்டது. எலும்பு உண்மையிலேயே காணாமல் போயிருந்ததா? அந்தக் கதையைப் பார்ப்போம். நம் தமிழ்நாட்டு அரியலூரும் இந்தக் கதையில் வருகிறது.

கல்லில் பதிந்த இறகு

டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1859-ல். ஓர் உயிரினம் மெல்ல மெல்ல மாறி இன்னொன்றாகிறது என்றால், இடைப்பட்ட உயிரினங்கள் எங்கே என்று எதிர்த்தரப்பினர் கேட்டார்கள். இரண்டே வருடத்தில் பதில் கிடைத்தது. 1861-ல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில், சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்த ஓர் இறகின் பதிவைப் பற்றி ஹெர்மன் ஃபான் மேயர் என்ற அறிஞர் எழுதினார். அதே சமயத்தில் ஓர் எலும்புக்கூடும் கிடைத்தது. அதற்கு இறகு இருந்தது. கூடவே இறக்கையில் நகம், பல்லி போல எலும்புள்ள நீண்ட வால். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வயது சுமார் 15 கோடி வருடங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அந்த எலும்புக்கூட்டை 1862-ல் விலைக்கு வாங்கியது. பின்னர் கிடைத்த இன்னொரு எலும்புக்கூட்டில் தாடையில் பற்களும் தெளிவாகத் தெரிந்தன.

இங்கிலாந்தில் டார்வினுக்காக மேடைதோறும் வாதாடியவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. அதே சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த காம்ப்சோக்னாதஸ் என்ற சிறிய டைனோசரையும் ஆர்க்கியாப்டெரிக்ஸையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரிய டைனோசர்களின் இடுப்பையும் பின்னங்காலையும் தீக்கோழி போன்ற பறவைகளின் எலும்போடு வைத்துப் பார்த்தார். 1868-லும் 1870-லும் வெளியிட்ட கட்டுரைகளில் பறவைகளும் டைனோசர்களும் நெருங்கிய உறவினர்கள் என்று அடித்துச் சொன்னார். அவருக்குக் கிடைத்த எலும்புகள் கொஞ்சம்தான். இருந்தும் அவர் சொன்னது சரி.

காணாமல் போன எலும்பு

பிறகு ஏன் அது நிற்கவில்லை? காரணம் ஒரு புத்தகம். டென்மார்க்கைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஹைல்மன் ஓர் ஓவியர்; பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பறவைகளின் தோற்றம் பற்றி அவர் டேனிஷ் மொழியில் எழுதியவை 1926-ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. மிகக் கவனமான படங்கள், மிகக் கவனமான ஒப்பீடுகள். சிறிய ஊனுண்ணி டைனோசர்கள் அநேகமாக எல்லா விதத்திலும் பறவைகளைப் போலவே இருக்கின்றன என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஓர் இடத்தில் தடுக்கியது. பறவைகளுக்குக் காறை எலும்பு உண்டு. அன்று தெரிந்த அளவில் டைனோசர்களுக்குக் காறை எலும்பு இல்லை. பரிணாமத்தில் ஒரு முறை இழந்த உறுப்பு அதே வடிவில் திரும்ப வராது என்பது அக்காலத்தில் ஏற்கப்பட்ட விதி. ஆகவே காறை எலும்பை இழந்துவிட்ட டைனோசரிலிருந்து காறை எலும்புள்ள பறவை வந்திருக்க முடியாது. இரண்டும் இன்னும் பழமையான ஏதோ ஓர் ஊர்வனவற்றிலிருந்து தனித்தனியே வந்திருக்க வேண்டும் என்று முடித்தார். தர்க்கத்தில் பிழை இல்லை. நூலும் சிறந்த நூல். அதனாலேயே அடுத்த நாற்பது ஐம்பது வருடங்கள் அதுதான் பாடமாக இருந்தது.

இனிதான் வேடிக்கை. அந்த நூல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1924-ல், டைனோசரின் காறை எலும்பு அச்சில் வந்துவிட்டது! நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வுக்குழு 1923-ல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் ஒரு டைனோசரை எடுத்தது. ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் அதற்கு ஓவிராப்டர் என்று பெயரிட்டார். அதன் நெஞ்சில் கவட்டை எலும்பு இருந்தது. ஆனால் டைனோசருக்குத்தான் அது கிடையாதே என்று எண்ணிய காலம். ஆகவே அதை வேறோர் எலும்பு என்று குறித்துவிட்டார்கள். 1936-ல் அமெரிக்காவில் சேகிசாரஸ் என்ற டைனோசரில் காறை எலும்பு இருப்பது எழுதப்பட்டது. அதையும் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓவிராப்டரின் எலும்பு கவட்டை எலும்பேதான் என்று மங்கோலிய அறிஞர் பார்ஸ்போல்ட் எழுதியது 1983-ல். பிறகு வெலாசிராப்டருக்கும் டிரானோசாரஸுக்கும்கூட அதே எலும்பு இருப்பது தெரிந்தது.

ஆக, எலும்பு காணாமல் போகவில்லை. அருங்காட்சியகத்தில் பத்திரமாகவே இருந்தது. பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன என்று தெரியவில்லை. பத்திரமாக இருந்ததால்தான் 59 வருடம் கழித்தாவது தவறைத் திருத்த முடிந்தது.

ஓவிராப்டருக்கு இன்னொரு நீதியும் கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பொருள் 'முட்டைத் திருடன்'. முட்டைக் குவியலின்மேல் கிடந்ததால் வேறொரு டைனோசரின் முட்டையைத் திருட வந்தது என்று நினைத்தார்கள். 1993-ல் அதே வகை முட்டை ஒன்றுக்குள் இருந்த கருவைப் பார்த்தபோது அது ஓவிராப்டர் குடும்பத்தின் குஞ்சு! திருட வந்தது அல்ல, தாய்க்கோழி போலத் தன் கூட்டில் இருந்தது என்பதே இன்றைய கருத்து. அந்தக் குடும்பத்து டைனோசர்கள் முட்டைகளின்மேல் கைகளை விரித்து அடைகாத்த நிலையிலேயே புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன.

ஆஸ்ட்ரம் திறந்த கதவு

ஹக்ஸ்லியின் கருத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஆஸ்ட்ரம். 1964-ல் மொன்டானா மாநிலத்தில் அவர் கண்டுபிடித்த டைனோனிகஸ் என்ற டைனோசரை 1969-ல் விரிவாக விவரித்தார். அது மந்தமான பெரிய பல்லி அல்ல. வேகமாக ஓடிப் பாய்ந்து வேட்டையாடும் உயிரினம் என்றார். அதன் மணிக்கட்டில் பிறை வடிவ எலும்பு ஒன்று இருந்தது. பறவை இறக்கையை மடக்குவது போலக் கையைப் பக்கவாட்டில் மடக்க அது உதவும். ஆர்க்கியாப்டெரிக்ஸின் கையிலும் அதே அமைப்பு.

1970-ல் ஆஸ்ட்ரம் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் டெய்லர் அருங்காட்சியகத்துக்குப் போனார். பறக்கும் ஊர்வன என்று 1857-லேயே பெயரிடப்பட்ட ஒரு கல் அங்கே இருந்தது. அவர் உற்றுப் பார்த்தபோது மங்கலான இறகுத் தடம் தெரிந்தது. அது ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று அறிவித்தார். நூறு வருடத்துக்கும் மேல் தவறான பெயரோடு இருந்த கல்! கதை அங்கேயும் முடியவில்லை. 2017-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அதை மறுபடி ஆராய்ந்து, அது ஆர்க்கியாப்டெரிக்ஸும் அல்ல, சீனாவில் கிடைத்த அன்கியோர்னிஸின் உறவினம் என்றார்கள். அதற்கு ஆஸ்ட்ரமின் நினைவாகவே ஆஸ்ட்ரோமியா என்று பெயர் வைத்தார்கள். ஒரே கல், மூன்று பெயர்கள்.

இறகு முளைத்த டைனோசர்கள்

இதன் பிறகும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். எலும்பு ஒத்துப்போகிறது, சரி. இறகோடு ஒரு டைனோசரைக் காட்டுங்கள் என்றார்கள். 1996-ல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து அதுவும் வந்தது. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற அந்தச் சிறிய டைனோசரின் முதுகிலும் வாலிலும் பஞ்சு போன்ற இறகிழைகள். பறக்கும் உறுப்பு எதுவும் அதற்கு இல்லை. எரிமலைச் சாம்பலும் ஏரிச் சேறும் மூடியதால் அங்கே மென்மையான உறுப்புகள்கூடக் கல்லில் பதிந்திருந்தன.

அடுத்தடுத்து வந்த செய்திகள் இவை:

1998 – வாலில் விசிறி போல இறகுகள் கொண்ட காடிப்டெரிக்ஸ்.
2003 – கைகளில் மட்டுமல்ல, கால்களிலும் இறக்கை இருந்த மைக்ரோராப்டர் குயி.
2004 – மே லோங். தலையைக் கைக்கு அடியில் செருகி, வாலைச் சுற்றிக்கொண்டு, கோழி தூங்குவதுபோலவே தூங்கிய நிலையில் கல்லான டைனோசர்.
2007 – வெலாசிராப்டரின் கை எலும்பில் இறகுகள் பொருந்தியிருந்த முடிச்சுகள்.
2009 – ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கும் முந்தைய, சுமார் 16 கோடி வருட வயதுள்ள அன்கியோர்னிஸின் இறகுகள்.
2010 – சைனோசாரோப்டெரிக்ஸ் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வளையங்கள் இருந்தன என்று இறகின் நிறத்துகள்களை வைத்து அறிந்தது.

இவற்றிலிருந்து ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. இறகு பறப்பதற்காகத் தோன்றியது அல்ல. முதலில் உடல் சூட்டைக் காக்கவும், பிறகு அழகு காட்டவும் முட்டையை மூடவும் பயன்பட்டிருக்க வேண்டும். பறத்தல் கடைசியில் வந்த பயன். அதேபோல் கவட்டை எலும்பு, காற்றறைகள் கொண்ட எலும்பு, மூன்று விரல் ஊன்றும் கால், அடைகாத்தல் எல்லாமே பறவைக்கு முன்பே டைனோசர்களிடம் இருந்தவை. ஒரு நாள் காலையில் டைனோசர் பறவையாகிவிடவில்லை. கோடிக்கணக்கான வருடங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை இவை.

சுமார் 6 கோடியே 60 லட்சம் வருடங்களுக்கு முன் ஒரு விண்கல் இன்றைய மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மோதியது. பறவையல்லாத டைனோசர்கள் எல்லாம் அழிந்தன. பறவைகளிலும் பெரும்பாலானவை அழிந்தன. தப்பிய சில வகைகளின் சந்ததிதான் இன்றைய சுமார் 11,000 பறவை இனங்கள்.

நம் மண்ணில் என்ன இருக்கிறது?

ஜெர்மனி, மங்கோலியா, சீனா எல்லாம் சரி. தமிழ்நாட்டில்?

சேத்துப்பட்டைச் சுற்றியுள்ள குன்றுகளில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவை சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கெட்டிப் பாறைகள். எலும்பு கல்லாவதற்குச் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த பாறை வேண்டும். அதற்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் போய் அரியலூரை அடைய வேண்டும். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் அங்கே கடல் இருந்தது. இன்று அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்றதே. நத்தைக்கூடு போல் சுருண்ட அம்மோனைட்டுகள் அங்கே ஏராளம். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன பெரிய மரமும் உண்டு.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஹக்ஸ்லி பறவைகளைப் பற்றி எழுதிய அதே காலம் அது. 1920-களில் சார்லஸ் மாட்லி அரியலூர்ப் பக்கத்து டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதினார். பிறகு நிலவியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1979-ல் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்ற பெயரை அறிவித்தார்கள். முதுகில் தகடுகள் கொண்ட டைனோசர் என்றார்கள். 1996-ல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் அது டைனோசரே அல்ல, கடலில் வாழ்ந்த ஊர்வன என்று மறுத்தார்கள்.

அதைவிடப் பெரிய கதை கல்லமேடு கிராமத்தினுடையது. அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். 'பெருத்த உடல் கொண்ட பல்லி' என்று பொருள். பின்பாதி மாட்லியின் நினைவாக. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம்! முதலில் இதை ஊனுண்ணி டைனோசர் என்றே எழுதினார்கள். அது சரியாக இருந்தால் பறவைகள் வந்த அதே பெரும் கிளையைச் சேர்ந்ததாக இருந்திருக்கும். பின்னர் அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று கருத்து மாறியது. அது எலும்பா, கல்லான மரமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். 2023-ல் வந்த ஒரு கணக்கு இதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்றது. அதாவது நீலத் திமிங்கலத்துக்கு இணை.

எது உண்மை? எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எடுத்துப் பார்க்க எலும்பு இல்லை. அவை உதிர்ந்து அழிந்துபோய்விட்டன என்று 2017-ல் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று தெரிவித்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் அதே அய்யாசாமி. மிஞ்சியவை சில கோட்டுப் படங்களும் பழைய புகைப்படங்களும்தான். ஓவிராப்டரின் எலும்புக்கு 59 வருடம் கழித்துக் கிடைத்த நியாயம் கல்லமேட்டு எலும்புக்குக் கிடைக்க வழியே இல்லை.

ஒரே ஒரு பல்

அதே கல்லமேட்டிலிருந்து 2013-ல் இன்னொரு செய்தி வந்தது. அஞ்சலி கோஸ்வாமி, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர். பிரசாத் ஆகியோர் அடங்கிய குழு ஒரு சின்னஞ்சிறு பல்லைப் பற்றி எழுதியது. அது ட்ரூடோன்டிட் என்ற டைனோசர் குடும்பத்தின் பல் என்றார்கள்.

ட்ரூடோன்டிட்கள் யார்? உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரிய மூளையும் பெரிய கண்களும் கொண்ட, மெலிந்த, வேகமான டைனோசர்கள். மேலே சொன்ன, கோழி போலத் தூங்கிய மே லோங் இந்தக் குடும்பம்தான். டைனோசர்களில் பறவைகளுக்கு மிக மிக நெருங்கிய உறவினர்களில் ஒன்று. அதுவரை இவை வட அமெரிக்கா, ஆசியா, ஐரோப்பா ஆகிய வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தன. கல்லமேட்டு விலங்கு வாழ்ந்தபோது இந்தியா ஆசியாவோடு சேர்ந்திருக்கவில்லை. மடகாஸ்கரிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த தீவு அது. அங்கே பறவைகளின் பங்காளி ஒன்று எப்படி வந்தது? கண்டங்கள் பிரியும் முன்பே இந்தக் குடும்பம் உலகமெங்கும் பரவியிருந்ததா? அந்தச் சிறு பல் கேட்கும் கேள்வி இது.

ஆனால் ஒரு பல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றையே எழுதிவிட முடியாது. ஹக்ஸ்லி சொன்னது நிலைபெற இன்னும் பல எலும்புகள் வேண்டியிருந்தன. கல்லமேட்டுப் பல்லுக்கும் இன்னொரு பல், ஒரு விரல், ஒரு கவட்டை எலும்பு வேண்டும்.

அந்தத் தேடலில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. முட்டை அல்ல, கடல் படிவுகளில் உருவானவை என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். பலர் ஏமாந்தார்கள், சிலர் சிரித்தார்கள். ஆனால் உருண்டையான ஒரு கல்லைப் பார்த்து, இது என்னவாக இருக்கும் என்று நின்று பார்த்தார்களே, அது நல்ல பழக்கம். சுரங்கத்திலும் ஏரிக்கரையிலும் நாள்தோறும் உடைபடும் கற்களில் எத்தனை எலும்புகள் போயின என்பதை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

ஆஸ்போர்ன் தவறாகப் பெயரிட்டார். ஹைல்மன் தவறான முடிவுக்கு வந்தார். ஹார்லெம் கல்லுக்கு இரண்டு முறை தவறான பெயர். அறிவியலில் இதெல்லாம் நடப்பதுதான். எலும்பு பத்திரமாக இருக்கும்வரை எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம். எலும்பே போய்விட்டால் தவறு எது, சரி எது என்று கேட்கக்கூட முடியாது. கல்லமேடு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் அந்தக் கவட்டை எலும்பு வந்தால், எறிவதற்கு முன் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்க்கலாம். டிரானோசாரஸின் நெஞ்சில் இருந்த அதே எலும்பு அது.